கிழக்குத் தட்டு, மேற்குத் தட்டு

சிங்காரவேலு கூப்பிட்டால் இரும்பு இறங்கி வரும்.

கூப்பிட்டால் என்றால் வாயால் கூப்பிட்டால். சுத்தியல் கிடையாது, நெருப்பு கிடையாது, விரல் நுனிகூடப் படாது. தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பேரிங்குக்குள் துருவேறிக் கடித்துக்கொண்டு நின்ற ஒரு பஸ் ஷாஃப்டை, பத்தடி தள்ளி நின்று, "நேரமாச்சு, எறங்கி வா" என்று கூப்பிட்டார். வந்துவிட்டது. வலங்கைமான் கடைத்தெருவில் இந்தக் கதையைக் கேட்காதவர்கள் என்று பார்த்தால் இன்னும் பிறக்காதவர்கள் மட்டும்தான். அவர்களிலும் நிறைமாதமாக இருந்தவர்கள் கேட்டிருப்பார்கள்.

நம்பியவர்கள் யாரும் இல்லை. ஆனால் நம்பாமல் இருப்பதற்கும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும் அல்லவா? மற்றவர்கள் டீயைக் குடித்துவிட்டு, துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். மெனக்கெட்டு, எதிரில் உட்கார்ந்து, இருபத்தேழு வருஷமாக ஒரு நாள் விடாமல் நம்பாமல் இருந்தவர் மூஸா பாய் ஒருவர்தான்.

மூஸா பாய் அந்தப் பட்டறையில் சரிபாதிக் கூட்டாளி. சம்பவம் நடந்த நேரம் பார்த்து ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது ஷாஃப்ட் கீழே சாக்கின் மேல் கிடந்தது, சிங்காரவேலு மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். "கூப்பிட்டேன் பாய், வந்துடுச்சு" என்றார். "பிரஸ்ல இருபது டன் ஏத்தி அமுக்கி வச்சிருக்கே, அது வராம என்ன செய்யும்" என்றார் மூஸா. "ஏத்தி வச்சு முக்கா மணி நேரம் வரல. கூப்பிட்ட பொறவுதான் வந்துச்சு." "புளுகு." அன்று ஆரம்பித்தது.

எட்டு வருஷம் கழித்து, ஒரு டிராக்டர்காரரின் எதிரிலேயே மூஸா அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். புளுகு என்று தனியாகச் சொன்னால் அது நட்பு. வாடிக்கையாளர் முன்னால் சொன்னால் அது மானப் பிரச்சினை. பட்டறை பிரிந்தது.

பிரித்துக் கொடுக்க வந்தவர் காத்தான். சுற்றுப்பட்டு ஊர்களில் அண்ணன் தம்பி நிலம் பிரிக்க வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நஞ்சை, புஞ்சை, களம், கொல்லை, வாய்க்கால் பங்கு எல்லாவற்றையும் நூல் பிடித்த மாதிரி வெட்டித் தருவார். பட்டறை பிரிப்பது அவருக்குப் புதிது. ஆனாலும் பாகம் என்றால் பாகம்தானே. ஜாக்கியை ஒருவருக்கும் அதன் கைப்பிடியை இன்னொருவருக்கும் கொடுத்தார். சாக்கெட் பெட்டியில் இரட்டைப்படை நம்பரெல்லாம் சிங்காரவேலுவுக்கு, ஒற்றைப்படையெல்லாம் மூஸாவுக்கு. அன்றிலிருந்து வலங்கைமானில் பன்னிரண்டாம் நம்பர் நட்டு கழன்றால் ஒரு வீட்டுக்கும் பதிமூன்று கழன்றால் இன்னொரு வீட்டுக்கும் போகவேண்டியதாயிற்று. பிரஸ்ஸை வெட்ட முடியவில்லை, முடிந்திருந்தால் வெட்டியிருப்பார். அது சிங்காரவேலுவின் இடத்தில் கான்கிரீட்டில் பதிந்திருந்ததால் அவருக்கே போயிற்று. அதற்கு ஈடாக மூஸாவுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர்.

கடைசியில் இரண்டு தட்டுகள் மிச்சமிருந்தன.

பிரஸ் என்பது ஆளுயரத்துக்கும் மேலான ஓர் இரும்புச் சட்டம். மேலே ஹைட்ராலிக் ஜாக்கி. நடுவில் குறுக்கே இரண்டு உத்தரம். உத்தரங்களின் மேல் இந்தத் தட்டு இரண்டையும் எதிரெதிராக வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் நாலு விரல் கனம், ஒரு மரக்கால் நெல்லின் எடையைப்போல மூன்று மடங்கு. ஓரங்களில் அகலமாகவும் ஒடுக்கமாகவும் வாய் வெட்டியிருக்கும். இரண்டையும் நெருக்கி வைத்தால் வாயும் வாயும் சேர்ந்து ஓட்டையாகும். அதன் மேல் பேரிங் உட்காரும், மேலிருந்து ஜாக்கி அழுத்தும், ஷாஃப்ட் ஓட்டை வழியாகக் கீழே இறங்கும். ஒற்றைத் தட்டை வைத்துக்கொண்டு தேங்காய்கூட உடைக்க முடியாது, உருண்டு ஓடிவிடும்.

அந்தத் தட்டுகளைக் கடையில் வாங்கவில்லை. நாகப்பட்டினத்தில் பிரித்துப் போட்ட ஒரு பழைய கப்பலில் எஞ்சின் உட்கார்ந்திருந்த தட்டு அது. லாரியில் கொண்டுவந்து, கை ரம்பத்தால், ஒருவர் அறுக்க ஒருவர் எண்ணெய் விட, கூட்டாளிகள் இருவரும் பதினொரு நாள் அதை இரண்டாக அறுத்தார்கள். சிங்காரவேலுவின் கணக்கில் அது பதினொரு நாள் இல்லை. அறுக்க ஆரம்பித்தபோது ஆற்றில் தண்ணீர் திறந்தார்கள், அறுத்து முடித்தபோது தை பிறந்து அடைத்தார்கள் என்பார்.

காத்தான் இரண்டு தட்டையும் சுற்றி வந்து பார்த்தார். திசை பார்த்தார். "கெழக்கால இருக்கறது பாயிக்கு. மேற்கால இருக்கறது இவருக்கு" என்றார்.

ஜோடியைப் பிரிக்கக்கூடாது என்று இருவருக்கும் தெரியும். யார் முதலில் வாயைத் திறப்பது? திறக்கவில்லை. அப்படியாகக் கிழக்குத் தட்டு கடைத்தெருவில் மூஸா பாய் புதிதாகப் போட்ட ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் போய், கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்தது. மேற்குத் தட்டு பிரஸ்ஸின் காலடியில் கிடந்தது. சிங்காரவேலு தண்டவாளத் துண்டுகளை வைத்துச் சில்லறை வேலைகளைச் சில வருஷம் ஒப்பேற்றினார். அப்புறம் வயதாயிற்று, வேலை குறைந்தது, நின்றது.

பிரிந்தாலும் பேச்சு நிற்கவில்லை. ஜெக்கரியாவின் டீக்கடையில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஜெக்கரியா மூலமாகப் பேசிக்கொள்வார்கள்.

"ஜெக்கரியா, அந்தாளுகிட்ட சொல்லு. இரும்புக்குக் காது இருந்திருந்தா அவன் பேசறதக் கேட்டு எப்பவோ ஊர விட்டே ஓடிருக்கும்."

"ஜெக்கரியா, பாயிகிட்ட சொல்லு. எடத்துல இல்லாதவரு சாட்சி சொல்லப்படாது."

ஜெக்கரியா இரண்டையும் சொல்லமாட்டார், டீயை ஆற்றிக்கொண்டே இருப்பார். பத்தொன்பது வருஷம் இப்படி ஓடியது. இந்த வருஷம் ஆனி மாதம் அவர் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பெஞ்சுகளையும் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு சிங்காரவேலுவை யாரும் திட்டவில்லை.

மனைவி பிரகதாம்பாள் போய் நாலு வருஷம். பட்டறை மேட்டில், சாலை மட்டத்தில் இருந்தது. வீடு ஐந்து படி கீழே. பிரகதாம்பாள் சோறு வடித்துவிட்டுக் கொல்லைக் கதவில் நின்று, "நேரமாச்சு, எறங்கி வாங்க" என்று மேலே பார்த்துக் கூப்பிடுவாள். அந்தக் குரலுக்கு வாய்க்கால் அக்கரையில் நிற்கும் மாடுகள்கூடத் திரும்பும். தொண்ணூற்றெட்டில் ஷாஃப்டைக் கூப்பிட்ட மந்திரம் அதுதான். சிங்காரவேலுவின் சொந்தச் சரக்கு இல்லை. அவள் போன பிறகு அந்த வாசகத்தை அவர் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

இப்போது அவர் அரை ஆழாக்கு அரிசி போடுவார். அது குக்கரின் அடியில் போனது தெரியாது, விசில்கூட மனசில்லாமல் அடிக்கும். வேஷ்டியைத் துவைத்து பிரஸ்ஸின் மேல் உலர்த்துவார். காலையில் பிரஸ்ஸுக்கு நாட்டுநடப்புச் சொல்வார். மேட்டூரில் எத்தனை அடி, குடமுருட்டியில் எவ்வளவு வருகிறது என்று. பிரஸ் மறுத்துப் பேசாது. அதுதான் அதனிடம் உள்ள குறை.

மகள் கலைமகள் சென்னையில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் பண்ணுவாள். புரட்டாசி பிறந்ததும் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அப்பா, அங்க யாருக்காக உக்காந்திருக்கீங்க?"

"பட்டறையப் போட்டுட்டு எப்படிம்மா வர்றது? நேத்துக்கூட ஒம்பது பேரு வந்தாங்க."

"யாரு?"

"வந்தாங்க."

கலைமகள் சொன்னாள், "சரி, ஒண்ணு பண்ணுவோம். தீபாவளிக்குள்ள பட்டறைக்கு ஒரே ஒரு வேலை வரட்டும். வந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன், நீங்க அங்கயே இருங்க. வரலைன்னா பிரஸ்ஸ பழைய இரும்புக்குப் போட்டுட்டு என்கூட வந்துடணும்."

"ஒண்ணு என்ன, ஒம்பது..."

"நீங்க சொன்னா நான் எடுத்துக்க மாட்டேன்பா. மூஸா மாமா சொல்லணும்."

அங்கேதான் அவள் பிடித்தாள். பிரகதாம்பாள் வளர்ப்பு.

சிங்காரவேலு மறுநாளே இறங்கினார். பிரஸ்ஸுக்கு வேலை வரவேண்டுமென்றால் முதலில் தட்டு வேண்டும். கும்பகோணத்தில் ஒரு கடையில் கேட்டார். கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும், தீபாவளி கழித்துப் பாருங்கள் என்றார்கள். பாபநாசத்தில் பழைய இரும்புக் குவியலை இரண்டு நாள் கிளறினார். கனமான தகடு எதுவும் சிக்கவில்லை. திரும்பி வரும்போது மூடிக்கிடந்த நெல் மண்டி வாசலில் இருபது கிலோ எடைக்கல் இரண்டு கிடந்தது. சதுரமாக, கனமாக, ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளை மாதிரி. கேட்டார், எடுத்துக்கோங்க என்றார்கள்.

எடைக்கல் வார்ப்பிரும்பு. நிறுப்பதற்குப் பொறுக்கும், நெரிப்பதற்குப் பொறுக்காது. ஐம்பது வருஷம் இரும்போடு குடித்தனம் நடத்தியவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் தீபாவளிக்கு இருபத்தாறு நாள்தான் இருந்தது. ஒரு பழைய பேரிங்கை வைத்து அழுத்தினார். பத்து டன்வரை கல் சமர்த்தாக இருந்தது. பதினொன்றில் வெடித்தது. ஒரு துண்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிய்த்துக்கொண்டு வடக்கே போயிற்று. அது சீர்காழிப் பக்கம் ஏதோ ஒரு வயலில் கொக்கு மேய்ந்துகொண்டிருந்தபோது விழுந்திருக்கும் என்பது சிங்காரவேலுவின் கணிப்பு. இன்னொரு துண்டு அவர் காதோரம் போயிற்று.

அவர் தரையில் உட்கார்ந்து, ஓட்டை வழியாகத் தெரிந்த வானத்தைப் பார்த்தார். அவ்வளவு சத்தத்துக்கும் சாலையிலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அது அவருக்குக் காது வலியைவிட அதிகமாக வலித்தது.

ஆயுதபூஜை வந்தது. அன்றைக்கு வலங்கைமான் தாலுகா முழுக்க ஒரு ஸ்பேனர்கூட அசையாது. லேத், வெல்டிங், பஞ்சர் கடை எல்லாவற்றுக்கும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிடுவார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். முதலாளி கையில் குண்டூசி குத்தினாலும் அதை எடுக்கக் குறடு கிடைக்காது.

சிங்காரவேலு இந்த வருஷம் பூஜை போடவில்லை. சந்தனக் கட்டையை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். படைத்த பொரியை வாங்கிக்கொள்ள ஒரு கை இல்லாமல் என்ன படைப்பது? பிரஸ்ஸின் மேல் வழக்கம்போல வேஷ்டி காய்ந்துகொண்டிருந்தது.

பத்து மணி இருக்கும். பட்டறை வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. முப்பது வயசுக்காரன், முழங்கால் வரை சேறு, பின் சீட்டில் சாக்கில் சுற்றிய நீளமான ஷாஃப்ட்.

"ஐயா, என் பேரு பிரபு. அறுப்பு மெஷின் வச்சிருக்கேன். மெஷின் குறுவை வயல்ல நடுவுல நிக்குது. பேரிங் ஒடஞ்சு ஷாஃப்டோட கடிச்சுக்கிச்சு. நாளைக்கு மழைங்கறாங்க. நாலு ஏக்கர் கதிர் சாஞ்சா மொளச்சுப் போயிரும். கும்பகோணம் வரைக்கும் போயிட்டேன், எல்லா எடத்துலயும் பூஜைன்னு தொடமாட்டேங்கறாங்க. ஒங்க பிரஸ்ஸுக்கும் பூஜையா?"

சிங்காரவேலு வேஷ்டியைச் சுருட்டி எடுத்தார். "இந்த வருஷம் இதுக்குப் பூஜை இல்ல தம்பி" என்றார். "யாரு அனுப்புனா?"

"புது பேரிங் வாங்க கடைத்தெருவுல பாய் கடைக்குப் போனேன். அவருதான் சொன்னாரு." பிரபு தயங்கினான். "ஆளு புளுகு, பிரஸ் நெசம், போ அப்படின்னாரு."

மூன்று மாதம் கழித்து ஒரு திட்டு. சிங்காரவேலுவுக்கு உடம்பெல்லாம் வெயில் பட்ட மாதிரி இருந்தது.

ஷாஃப்டைப் பார்த்தார். பேரிங், ஷாஃப்ட் திடீரென்று தடிக்கும் இடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தது. தண்டவாளத் துண்டு இங்கே எடுபடாது. அவ்வளவு சின்ன இடைவெளியில் சரிந்துவிடும். ஒடுக்கமான வாய் வெட்டிய தட்டு வேண்டும், அதுவும் இரண்டு. காலடியில் மேற்குத் தட்டு மட்டும் கிடந்தது. அதைப் பார்த்தார். பிரபுவைப் பார்த்தார்.

"இங்கயே இரு. அரை மணில வந்துடறேன்."

பத்தொன்பது வருஷமாக அவர் அந்தக் கடையின் படி ஏறியதில்லை. எதிர்ச்சாரியில் நடந்துதான் போவார். அன்றைக்குக் கடைத்தெருவில் எல்லா ஷட்டரும் மாவிலையோடு மூடியிருக்க, மூஸா பாய் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. மூஸா கல்லாவில் உட்கார்ந்து தினசரியைப் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி நெஞ்சுவரை வளர்ந்திருந்தது. டீக்கடை பெஞ்சில் பார்த்ததைவிட ஒடுங்கிப்போயிருந்தார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் வளைகுடாவில் என்று சிங்காரவேலுவுக்குத் தெரியும். கடைக்குள் வேறு யாரும் இல்லை.

சிங்காரவேலு படியில் நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடுவில் ஆள் இல்லாமல் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கடைசியில் கதவைப் பார்த்துச் சொன்னார்.

"ஜெக்கரியா, பாயிகிட்ட கேளு. கெழக்குத் தட்டு ஒரு மணி நேரத்துக்கு வேணும்."

மூஸா பேப்பரை மடிக்கவில்லை. "ஜெக்கரியா, அந்தாளுகிட்ட சொல்லு. என் பாகத்த நான் யாருக்கும் குடுக்கறதா இல்ல."

"ஜெக்கரியா, ஒரு சம்சாரியோட நாலு ஏக்கர் நாளைக்கு மொளச்சுப் போயிரும்னு சொல்லு."

"ஜெக்கரியா, அதுக்காக இல்ல. தட்டக் குடுத்தா இவன் பாட்டுக்கு வேலைய முடிச்சுட்டு, நான் கூப்பிட்டேன், அது வந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவான். நான் பக்கத்துல நின்னாத்தான் தட்டு வரும்னு சொல்லு."

திருப்பூரில் ஜெக்கரியாவுக்கு அப்போது விக்கல் எடுத்திருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் குடித்தாலும் நின்றிருக்காது.

அப்போதுதான் சிங்காரவேலு கவனித்தார். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது ஒரு செங்கல். புதுச் செங்கல். தட்டைக் காணோம். வாசலில் நின்ற டிவிஎஸ் எக்ஸெல்லின் கால் வைக்கும் இடத்தில், சாக்கில் சுற்றி, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி ஏதோ இருந்தது. நாலு விரல் கனம்.

"எங்க கெளம்பிட்டாப்புல?" என்றார், கதவிடமே.

"சாப்புட" என்றார் மூஸா.

மணி பத்தரைதான் ஆகியிருந்தது.

பட்டறையில் மூஸா தன் கையாலேயே சாக்கைப் பிரித்தார். சிங்காரவேலு பார்த்துக்கொண்டே நின்றார். தன்னுடைய மேற்குத் தட்டு செம்மண் நிறத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. கிழக்குத் தட்டு அறுத்த அன்றைக்கு இருந்ததுபோல நீலமாக, வழுவழுவென்று இருந்தது. கதவு முட்டுக் கொடுக்கும் இரும்புக்கு யாராவது வாரா வாரம் எண்ணெய் போடுவார்களா? வாய்வெட்டின் மூலைகளில்கூடத் துணி நுழைத்துத் துடைத்திருந்தது. சிங்காரவேலு உப்புத்தாளை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் தட்டைத் தேய்க்க ஆரம்பித்தார்.

இரண்டு தட்டையும் உத்தரத்தின் மேல் வைத்தார்கள். அறுத்த விளிம்பும் அறுத்த விளிம்பும் நேருக்கு நேர் வந்தன. ரம்பம் கொஞ்சம் வளைந்து போன இடத்தில் ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் அப்படியே உட்கார்ந்தது. பேரிங்கை ஏற்றி, ஷாஃப்டை நிமிர்த்தி, கீழே சாக்கு விரித்து, பிரபு கைப்பிடியை அடித்தான். ஐந்து டன். பத்து. பதினைந்து. பதினெட்டில் சட்டம் முனகியது. இருபதில் கைப்பிடி நின்றுவிட்டது. ஷாஃப்ட் மயிரிழைகூட நகரவில்லை.

"சூடு காட்டணும்" என்றார் மூஸா, பொதுவாக.

"வேணாம். ஷாஃப்ட் பதம் போயிரும்" என்றார் சிங்காரவேலு, பிரஸ்ஸிடம். "அழுத்தம் அப்படியே நிக்கட்டும். எல்லாரும் தள்ளி நில்லுங்க."

பதினொன்றாயிற்று. பதினொன்றரை. பிரபு நிமிஷத்துக்கு ஒருமுறை வானத்தைப் பார்த்தான். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. "நாளைக்குன்னாங்க, இன்னைக்கே வந்துரும் போல" என்றான். மூஸா எதிர்ச்சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பிரஸ்ஸையே பார்த்தார். அடிக்க வந்தவனைப் பார்க்கும் பார்வை அது.

சிங்காரவேலுவுக்குக் கலைமகள் போட்ட நிபந்தனை நினைவுக்கு வந்தது. ஒரு வேலை வந்துவிட்டது. ஆனால் வந்த வேலை முடியாமல் திரும்பிப் போனால் அது வேலை கணக்கில் சேருமா? மூஸா என்ன சொல்வார்? இருந்ததைத்தான் சொல்வார். அவர் வேறு எதையும் சொல்லத் தெரியாத மனுஷன். அதை நினைத்துக்கொண்டு பட்டறையில் நிற்க முடியவில்லை. படி இறங்கி வீட்டுக்குள் போனார்.

அரிசி டப்பாவைத் திறந்தார். கை தானாக அரை ஆழாக்கை எடுத்தது. அதைத் திரும்பக் கொட்டிவிட்டு உழக்கை எடுத்து இரண்டு முறை அளந்து போட்டார். குக்கர் நாலு வருஷத்துக்குப் பிறகு நிறைந்தது. அது அடித்த விசிலில் தெருவில் போன பஸ் நின்று ஆள் ஏற்றப் பார்த்திருக்கும். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு ஒரு சாம்பார். அப்பளம் நாலு பொரித்தார். யோசித்து இன்னும் இரண்டு பொரித்தார். மூன்று தட்டைத் தேடி எடுத்தார். இரண்டாவதும் மூன்றாவதும் அலமாரியின் பின்னால் ஒன்றுக்குள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரிக்கவும் பிரஸ் வேண்டும்போல இருந்தது.

கொல்லைக் கதவுக்கு வந்தார். மேலே பட்டறையின் திறந்த பக்கம் தெரிந்தது. மூஸா இன்னும் அதே சுவரில். பிரபு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். நடுவில் பிரஸ். கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தலையைத் தூக்கி, எதையும் நினைக்காமல் கூப்பிட்டார்.

"நேரமாச்சு, எறங்கி வாங்க."

டங் என்றது.

சத்தம் தரை வழியாக வந்து அவர் உள்ளங்காலில் ஏறியது. மேலே பிரபு துள்ளி எழுந்தான். ஷாஃப்ட், தட்டுகளின் நடுவே வழுக்கி, சாக்கின் மேல் நிமிர்ந்து விழுந்து, ஒரு நொடி நின்று, மெதுவாகச் சாய்ந்து படுத்தது. பேரிங் மட்டும் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவில் மோதிரம் மாதிரி உட்கார்ந்திருந்தது.

மூஸா சுவரிலிருந்து முதுகை எடுத்தார். ஷாஃப்டைப் பார்த்தார். அழுத்தமானியைப் பார்த்தார். பிறகு திரும்பி, ஐந்து படிக்குக் கீழே கையில் கரண்டியோடு நின்ற சிங்காரவேலுவை ரொம்ப நேரம் பார்த்தார்.

தான் கூப்பிட்டது ஷாஃப்டை இல்லை என்று சிங்காரவேலுவுக்குத் தெரியும். சொல்லலாம், சொன்னால் அது அவர் வாழ்க்கையில் முதல் உண்மையாகிவிடும், அந்த வயசில் எதற்கு அந்த விஷப்பரீட்சை? "சோறு ஆறுது" என்று மட்டும் சொன்னார்.

இறங்கி வந்தார்கள். பிரபு ஐந்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு மேலே ஓடினான். மூஸா நிதானமாகச் சாப்பிட்டார். "சாம்பார்ல உப்பு இல்ல" என்றார். ஜெக்கரியா பெயர் அதில் இல்லை.

புது பேரிங்கை ஏற்றுவது பெரிய வேலை இல்லை. தட்டின் அகலமான வாய்ப் பக்கத்தைத் திருப்பி வைத்து, அழுத்தினார்கள். வெண்ணெய் மாதிரி ஏறியது. ஒரு மணிக்கு பிரபு பைக்கைக் கிளப்பிப் போனான். மேகம் வலங்கைமானுக்கு மேல் வந்து, இரண்டு தூறல் தூறிப் பார்த்து, என்ன நினைத்ததோ, ஒதுங்கிக்கொண்டது. அஞ்சரை மணிக்கு பிரபுவிடமிருந்து போன் வந்தது. பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. "கடைசி சுத்து ஓடுதுய்யா. பக்கத்து வயக்காரருகிட்டயும் ஒரு மெஷின் இருக்கு, அதுலயும் ஒரு பேரிங் கத்துது, நாளைக்கு எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

"சொல்லு" என்றார் சிங்காரவேலு.

மூஸா இன்னும் போகவில்லை. பட்டறையில் கவிழ்த்துப் போட்ட ஒரு டின்னின் மேல் உட்கார்ந்து, மேற்குத் தட்டின் துருவை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கிழக்குத் தட்டை எடுத்து எக்ஸெல்லில் கட்டவில்லை.

"தூக்க முடியல, கனமா இருக்கு" என்றார். "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

"நாளைக்கும் கனமாத்தான் இருக்கும் பாய்."

"அப்ப நாளன்னைக்கு."

ஆறு மணிக்கு கலைமகள் கூப்பிட்டாள். சிங்காரவேலு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். நாலு ஏக்கர் நாற்பது ஆயிற்று, இருபது டன் இருநூறாயிற்று. அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்பா, திரும்பவுமா? போன மாசம் ஒம்பது பேர் வந்தாங்கன்னீங்க. இப்ப இரும்பு வந்துச்சுங்கறீங்க."

"மூஸா மாமா இங்கதான் இருக்காரும்மா."

"அங்கயா? ஒங்க பட்டறையிலயா?" அவள் குரல் மாறிவிட்டது. "குடுங்க."

மூஸா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். காதில் வைக்கத் தெரியாதவர்போல முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"மாமா, நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன். வேலை வந்துச்சா?"

"வந்துச்சும்மா. முடிச்சும் குடுத்தாச்சு. நாளைக்கும் ஒண்ணு வருது."

"சரி மாமா." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தக் கூப்பிட்டாரு, எறங்கி வந்துச்சுன்னு சொல்றாரே, அது?"

மூஸா பிரஸ்ஸைப் பார்த்தார். தட்டுகள் இரண்டும் அதன் மேலேயே ஒட்டி இருந்தன. கூரை ஓட்டை வழியாக ஒரு துண்டு வெளிச்சம் அவற்றின் மேல் விழுந்திருந்தது. சிங்காரவேலு வேறு பக்கம் திரும்பி, காயாத வேஷ்டியை உதறிக்கொண்டிருந்தார்.

"இருபத்தேழு வருஷமா இல்லன்னுதாம்மா சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார் மூஸா. "இன்னைக்கு நான் பக்கத்துலயே நின்னேன். யாரும் தொடல. ஒங்கப்பன் கொல்லைக் கதவுல நின்னு கூப்பிட்டான். எறங்கி வந்துச்சு."